இனம்: நிரப்பப்படவில்லை

ஆய்வுக் கப்பலில் பெண்களுக்கென்று ஓர் அறை,
அதில் இரண்டு படுக்கை.
ஒருத்தி மட்டும் வந்தால்
அறை பொறியாளர்களுக்குப் போய்விடும்,
வந்தவள் வால்விஸ் பே துறைமுகத்தில் நின்று
கையசைக்கலாம்.
எங்கும் எழுதாத விதி, எல்லாருக்கும் மனப்பாடம்.

அதனால்தான் ந்தினேலாகோ வீட்டுக் கதவைத் தட்டினேன்.
நல்லவள் என்று என்னைப் பாராட்ட வேண்டாம்.
அவள் வராவிட்டால் என் படுக்கையும் போகும்.

பிள்ளைக்கு ஐந்து மாதம்.
மூத்த விஞ்ஞானி ஆக இருநூறு கடல்நாள் வேண்டும்.
அவள் கணக்கில் நூற்று எண்பத்தொன்று.
"பத்தொன்பது நாள்," என்றாள்,
மளிகைக் கடையில் பத்தொன்பது டாலர் பாக்கி மாதிரி.
தோளில் தாங்கேனி ஏப்பம் விட்டான்.
"கப்பலில் உறைபெட்டி இருக்கிறது," என்றேன்.

ஆரஞ்சு ஆறு கடலில் விழும் இடத்தில் முதல் வலை.
ஹேக் மீன்கள்,
ஆழத்திலிருந்து வந்த வேகத்தில் கண் பிதுங்கி,
வாய்க்குள் மைக்கறுப்பு.
நீளம், எடை, ஆணா பெண்ணா, சினை எவ்வளவு.
தலையைப் பிளந்து காதுக்கல் இரண்டை எடுத்து
காகித உறையில் போட்டு
நிலைய எண் எழுத வேண்டும்.
நீளத்தில் ஏமாற்றும் மீன்
கல்லில் வயதை ஒளிக்க முடியாது.

மூன்று மணிக்கொருமுறை அவள் கையுறையைக் கழற்றுவாள்.
கயிறு அடுக்கும் இடுக்கில் ஒரு கவிழ்த்த வாளி.
நான் முதுகைக் காட்டிக் கதவாக நிற்பேன்.
பம்பின் சத்தம் எஞ்சினில் கரைந்துவிடும்.
கப்பல் புரளும்போது மட்டும்
ஒரு கெட்ட வார்த்தை வெளியே வரும்,
தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள் வாயிலிருந்து.

ஒட்டுவதற்கு வேறு சீட்டு இல்லை.
மீனுக்கு ஒட்டும் சீட்டையே ஒட்டினோம்.
நிலையம் 47.
ஆழம் 312 மீட்டர்.
எடை 120 கிராம்.
இனம்:

ஐந்தாம் நாள் காப்டன் ரைனார்ட் உறைபெட்டியைத் திறந்து
ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இது என்ன மாதிரி?"
"இளம் உயிரிக்கான தீனி," என்றாள்,
அளவுப் பலகையிலிருந்து தலை நிமிராமல்.
அவர் காது சிவந்தது.
மறுநாள் கயிற்று இடுக்குக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.
யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை.
நன்றிதான்.
ஆனாலும் இரவுமுறை முழுக்க எனக்கு ஒரே கேள்வி:
இத்தனை வருடமாக இந்தக் கப்பலில்
ஒரு தாழ்ப்பாள், நான்கு திருகாணி,
என்ன விலை இருக்கும்?

பதினோராம் நாள், எண்ணெய் நிரப்ப வால்விஸ் பே.
மூடுபனியில் பேண்டா நின்றிருந்தான்,
ஒரு கையில் தெர்மகோல் பெட்டி, மறு கையில் பிள்ளை.
அவள் கையை நீட்டினாள்.
தாங்கேனி அவளைப் பார்த்தான்,
பிறகு முகத்தைத் திருப்பி
அப்பனின் கழுத்தில் புதைத்துக்கொண்டான்.

மீன்வாடை, என்றான் பேண்டா.
மீன்வாடைதான், என்றேன் நானும், அவசரமாக.
அவள் ஒன்றும் சொல்லாமல்
பைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள்.
நான் காதுக்கற்களைக் கையெழுத்திட்டு ஒப்படைத்தேன்.

"இறங்கிவிடு" என்று சொல்லியிருக்க வேண்டும்.
எட்டு நாள் பாக்கி, ஒரே அறை, இரண்டு படுக்கை.
நான் சொல்லவில்லை.
அவள் எனக்கு முன்னால் ஏணி ஏறினாள்.

மார்ச்சில் தரவுப் பிரிவிலிருந்து யாக்கோபினா அழைத்தாள்.
இரவுமுறையில் எவனோ
கண்ணில் பட்ட சீட்டையெல்லாம் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறான்.
"நாற்பத்து மூன்று வரிக்கு இனம் இல்லை,
நீளம் இல்லை, காதுக்கல்லும் இல்லை.
அழித்துவிடவா?"

அடுத்த மேசையில் ந்தினேலாகோ நுண்நோக்கிக்கு மேல் குனிந்து
உதடு அசைய வளையம் எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்காலி முதுகில் காயும் ஒரு குட்டிச் சட்டை.
மேசை விளிம்பில், இன்னும் பிரிக்காமல்,
அரசு முத்திரையிட்ட உறை.

"இருக்கட்டும்," என்றேன்.
"எடையெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறோம்."