எடுக்கும்போது

நீடாமங்கலம் கேட்டில்
என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
பின் சீட்டில் நாயகி
என் முதுகில் நெற்றியை முட்டியபடி
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.
தஞ்சாவூர் வந்ததும்
"இப்ப இல்லப்பா" என்றாள்.

இது மூன்றாம் தடவை.
ஸ்கேனில் குடல்வால் சரியாகத் தெரியவில்லையாம்.
டாக்டர் வலப்பக்க அடிவயிற்றை அமுக்கி
சட்டென்று விரலை எடுத்தார்.
"அமுக்குறப்ப வலிக்குதா, எடுக்குறப்பவா?"
என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான்
"ரெண்டுமில்ல" என்றாள்.

நான் மூட்டை தூக்கும் கொள்முதல் நிலையத்தில்
ஒரு பிடி நெல்லைப் போட்டால்
ஈரம் எவ்வளவென்று கருவி சொல்லிவிடும்.
பதினேழுக்கு மேலா கீழா,
அவ்வளவுதான் பேச்சு.

தையல்நாயகி
வைத்தீஸ்வரன் கோயிலில் வைத்த பெயர்.
தையல் மட்டும் வேண்டாமென்று
அதே அம்மனிடம் இப்போது கேட்கிறேன்.
வேண்டுமென்றால் சீக்கிரம் போடச் சொல் என்றும்.

நேற்று ராத்திரி வெறும் ரசம்.
காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது
சைக்கிளில் உட்கார்ந்து
வலது காலை
கையால் தூக்கிப் பெடலில் வைத்தாள்.
நான் பார்க்கிறேனா என்று திரும்பினாள்.

குனிந்துகொண்டேன்,
எதையோ தேடுகிறவன்போல.
அவள் வாய்க்கால் மதகைத் தாண்டியதும்
பைக்கை ஆட்டி
டேங்கில் பெட்ரோல் சத்தம் கேட்கிறதா
என்று பார்த்தேன்.