பத்து தாலா

ஆப்பியாவில் கிளம்பிய பேருந்தில் இடமில்லை.
இடமில்லை என்று யாரும் சொல்லவுமில்லை.
மரப்பலகையில் உட்கார்ந்திருந்த என் மடியில்
முன்பின் தெரியாத ஒரு பையனை வைத்துவிட்டு
அவன் தாய் பின்பக்கம் போய்விட்டாள்.
வழி முழுக்கத் தூங்கினான்.
அலெய்பாட்டாவில் இறங்கும்போது
என் தோளில் அவன் எச்சில்
ஒரு தீவின் வடிவத்தில் காய்ந்திருந்தது.

கடற்கரை ஊருக்குச் சொந்தம்.
நுழைவில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் மொயெலாங்கி.
பத்து தாலா வாங்கினாள்.
பள்ளிக்கூட நோட்டில் ஒரு கோடு போட்டாள்.
“பெயர் எழுத வேண்டாமா?”
“பெயர் மூழ்காது. தலைதான் மூழ்கும்.
கரையேறினதும் சொல், கோட்டை அடித்துவிடுகிறேன்.”

அதைக் கடல் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
ஏடு படிந்த பால்போல
சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.
தூரத்தில் பவளத்திட்டு
வருகிற அலைகளை அங்கேயே பேசி முடித்து
திருப்பி அனுப்பிவிடுகிறது.
கரைக்கு வந்து சேர்வது
அலையைப் பற்றிய வதந்தி மட்டும்.
அதற்கும் அப்பால் இரண்டு தீவுகள்.
பெரியது, பாதியாக வெட்டிக் கவிழ்த்த ஈரப்பலா.
சின்னது, ஏதோ மனஸ்தாபத்தில்
அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது.

நான் நாற்பத்தொரு வயதில் நீச்சல் கற்றவள்.
ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பகலெல்லாம்
அடுத்தவர் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எண்ணுகிறவள்.
குளத்துச் சுவரைத் தொட்டால்தான் எனக்கு மூச்சு திரும்பும்.
இங்கே தொடுவதற்கு எதுவுமில்லை,
தீவைத் தவிர.
கை நீட்டினால் எட்டும்போல் இருந்தது.
அப்படி இருப்பதுதான் அதன் வேலை என்று
அப்போது தெரியாது.

நூறு கை. இருநூறு.
கீழே மணல், பிறகு புல்,
பிறகு எதற்கும் அவசரப்படாத ஒரு கடல் அட்டை.
பிறகு குளிர்.
திட்டில் ஓர் இடைவெளி.
உள்ளே வந்த நீரெல்லாம் வெளியே போகிற வாசல்.
ஏதோ ஒன்று என் கணுக்காலை
மரியாதையாகப் பிடித்து
வாங்களேன் என்று இழுத்தது.
சிரித்த முகமாய் இழுக்கிற உறவினர்களை
எனக்கு நன்றாகத் தெரியும்.
திரும்பிவிட்டேன்.
தீவு கோபித்துக்கொள்ளவில்லை.
கவனித்ததாகவே தெரியவில்லை.

கரைக்கு முப்பது கை இருக்கும்போது
மரத்தில் தொங்கிய காலி சிலிண்டரை
யாரோ இரும்பால் அடித்தார்கள்.
ஊர் நின்றது.
சாலையில் நடந்தவன் நின்ற இடத்திலேயே குந்தினான்.
கைப்பந்து ஆடியவர்கள் மணலில் அமர்ந்தார்கள்;
பந்து மட்டும் தனியாக உருண்டுவந்து நீரில் இறங்கியது.
மாலைப் பிரார்த்தனை முடியும்வரை
யாரும் நடமாடக் கூடாது என்பது ஊர்ச்சட்டம்.
நீரில் கிடப்பவளுக்கு என்ன சட்டம்?
யாரும் சொல்லியிருக்கவில்லை.

மல்லாந்தேன்.
காது நீருக்குள் போனால் பாட்டு அறுந்தது,
வெளியே வந்தால் ஒட்டிக்கொண்டது.
ஒரு வீட்டில் ஒரு பாட்டு,
அடுத்த வீட்டில் அதே பாட்டு, அரை அடி பின்னால்.
நான் அசையவில்லை.
கடலுக்குத்தான் சட்டம் புரியவில்லை;
மெதுவாக, குறுக்காக,
என்னை எங்கோ வைத்துவிட்டு வரப் பார்த்தது.
பந்து வந்து காதில் முட்டியது.
கட்டிப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு சுவர் அளவுக்கு இருந்தது அது.

மறுபடி சிலிண்டர்.
யாரோ பந்தைக் கேட்டுக் கத்தினார்கள். வீசினேன்.
பாதி தூரம்தான் போனது.

சொட்டச் சொட்டப் போய் நின்றேன்.
“வந்துவிட்டேன்” என்றேன்.
நோட்டைக் காட்டினாள்.
என் கோட்டின்மேல் ஏற்கெனவே குறுக்குக்கோடு.
“முதல் மணியிலேயே அடித்துவிட்டேன்.”
“அப்போது நான் நீரில் இருந்தேனே!”
“பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.”
“பிரார்த்தனையில் கண்ணை மூடவில்லையா?”
“மூடினேன்” என்றாள். “ஒன்றை.”

கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.
சுவரில்லாத குடிலில் இரவு தங்க
இன்னும் நாற்பது ஆகும் என்றாள்.
ஈரத்தாளை நீட்டினேன்.
முழங்காலில் பரப்பி, நீவி, காய வைத்துவிட்டு
புதுக் கோடு ஒன்று போட்டாள்.