எண்பத்து நாலு ரூபாய்

வண்டியில் காலண்டர் மாட்டியிருக்கிறோம்,
தேதி கிழிப்பதில்லை.
மூட்டையை அவிழ்த்தால்
மாதம் தெரிந்துவிடும்.

நீலப் பினோஃபர் வந்தால் ஜூன்,
மடிப்பு எண்ணி எண்ணி விரல் மரத்துப்போகும்.
வரமகாலட்சுமிக்கு முந்தின மூன்று நாளும் பட்டு.
பட்டின்மேல் பழைய வேட்டியை விரித்து
பெட்டியை வைத்து எடுக்கிறவரை
ஏழுமலை மூச்சுவிட மாட்டார்.
நவம்பர் ஒன்றாம் தேதிக்கு மஞ்சளும் சிவப்பும்,
ஆட்டோக்காரர்களின் சால்வைகள்.
பிறகு ஸ்வெட்டர்.
ஆமாம், ஸ்வெட்டரை ஐரன் செய்யச் சொல்கிறவர்களும்
தியாகராஜ நகரில் இருக்கிறார்கள்.
ஜனவரியில் எந்தச் சட்டையை விரித்தாலும்
சூட்டோடு கிளம்பும் அவரைக்காய் வாசம்.

மாசிக் கடைசியில்
தலைக்கு மேலே மரம் ரோஸ் நிறத்தில் வெடிக்கும்.
பேர் தெரியாது.
இலையே இல்லாமல் அத்தனையும் பூ.
எல்லோரும் அண்ணாந்து படம் எடுப்பார்கள்.
நான் குனிந்து பொறுக்குவேன்.
ஒரு பூ பெட்டிக்கடியில் போனாலும்
வெள்ளைச் சட்டை போச்சு.

அப்படிப் போனதுதான்
இருநூற்று நாலாம் நம்பர் துஷாரின் சட்டை.
பாக்கெட்டுக்குக் கீழே
நகத்தளவு பழுப்பு.
‘பரவாயில்ல ஆன்ட்டி’ என்றான்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த வருஷம்
சட்டை மட்டும் அனுப்பிய பையன் அவன்.
பேண்ட் எங்கே என்றதற்கு
‘கேமராவுக்கு இடுப்பு வரைக்கும்தான் தெரியும்’ என்றான்.
அதெல்லாம் பழைய கதை.
இந்தப் பங்குனியில்
திங்கள் அதே வெள்ளைச் சட்டை,
புதன் அதே வெள்ளைச் சட்டை,
வெள்ளியும்.
காலரை மட்டும் இன்னொரு தடவை தேய்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
உருப்படி ஏழு ரூபாய்,
நோட்டில் பன்னிரண்டு கோடு.

கரகம் ஊர் சுற்றிய பௌர்ணமிக்கு மறுநாள்
வீடு பூட்டியிருந்தது.
ராத்திரியே இரண்டு பையோடு போய்விட்டான் என்றார்
வாட்ச்மேன் தேப் பகதூர்.

சட்டை ஆணியில் தொங்கியது.
மாம்பழ மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்தினேன்.
பினோஃபர் வந்து போனது, பட்டு வந்து போனது.
‘எடுத்துடலாமா’ என்பார் ஏழுமலை.
‘ஆணிக்கு என்ன பாரம், இருக்கட்டும்.’

கார்த்திகைக் கடைசித் திங்கள்,
பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை.
ஊர்த் துணியெல்லாம் தேய்க்கிறவருக்குப்
போட்டுப் போக ஒரு நல்ல சட்டை இல்லை.
ஆணியைப் பார்த்தார்.
கை நீளம், இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன்.
‘இது திருட்டுல சேருமா?’
‘பன்னெண்டு தடவை நாமதான தேச்சோம், நட.’

பெரிய பசவண்ணன் கோயில் ரோடு முழுக்க
குவியல் குவியலாகக் கடலை.
காலடியில் தோல் நொறுங்குகிற சத்தத்தில்
பேசினது காதில் விழவில்லை.
அரைப் படி வாங்கி
பாதியை அவர் பாக்கெட்டில் கொட்டினேன்.

ராட்டினம் தாண்டியதும் எதிரே துஷார்.
கழுத்தில் புதுப் பட்டை, அடையாள அட்டை
சட்டைக்குள் செருகியிருந்தது.
என்னைப் பார்த்தான்.
அவரைப் பார்த்தான்.
அந்த நகத்தளவைப் பார்த்தான்.
ஏழுமலை சட்டென்று பாக்கெட்டை மூடிக்கொண்டார்,
ஜேப்படிக்காரனுக்குப் பயந்த மாதிரி.

‘ஸ்கேனர் இருக்கா ஆன்ட்டி?’
‘அது வண்டியில இருக்கு.’
பர்ஸைத் துழாவி நூறு ரூபாய் நீட்டினான்.
மீதி பதினாறு என்னிடம் இல்லை.
நான் திரும்புவதற்குள்
ஏழுமலை கையை எடுத்து
பாக்கெட்டில் விட்டு
இரண்டு பிடி கடலை அள்ளிக் கொடுத்தார்.
அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.
உரித்துக்கொண்டே போய்
பலூன்களுக்குப் பின்னால் மறைந்தான்.

ரொம்ப நேரம் கழித்து,
பஸ்ஸில், ஜன்னலோரம்:
‘அப்போ இது இனிமே நம்மளுதா?’
‘மொதல்ல வீட்டுக்கு வந்து கழட்டு,
கசங்கியிருக்கு.’