பழைய மோஸ்தர்

பள்ளத்தூரிலிருந்து டெம்போவில் வந்தது.
முதுகில் கூர்வளைவுகள் மூன்று,
மாதா கோயில் ஜன்னலைப் பெயர்த்து
நாலு கால் மாட்டியதுபோல.
கைப்பிடிக்கு ஒன்றாய் இரண்டு சிங்கம்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இறக்கும்போது
ஒரு மாடு எழுந்து வழிவிட்டது.

கூடவே ஒரு பிஸ்கட் டின்.
அதற்குள் ரங்கூன் பில்:
நாற்காலி, உருப்படி 1. தேக்கு.
பழைய மோஸ்தர். புதுச் சரக்கு.
ரூ. 18-4-0.

பழைய மோஸ்தர், புதுச் சரக்கு.
நான் சிரித்தேன். சிக்கந்தர் பாய் சிரிக்கவில்லை.

லண்டனில் எவனோ
ஐந்நூறு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டோமே என்று ஏங்கி
படம் போட்டு விற்றிருக்கிறான்.
படத்தைப் பார்த்து ரங்கூனில் ஒரு சீனத் தச்சன்
தான் பார்த்தேயிராத சிங்கத்தைச் செதுக்கியிருக்கிறான்;
அதனால்தான் அதற்கு நாய்முகம்.
அப்புறம் கப்பல்.
அப்புறம் வட்டிக்கடைக்காரர் வீட்டு மேல்மாடி.
யாருடைய பாட்டனாரோ
பதினெட்டேகால் ரூபாய்க்கு!

பொய்யாய்ப் பிறந்தது
நூறு வருஷம் சும்மா நின்றே
மெய்யாகிவிட்டது.

என் வேலை சீட்டு எழுதுவது.
ஊர், மரம், வயது, உட்கார்ந்தவர்.
கடைசி வரிக்குத்தான் விலை.
ஜமீன்தார் என்றால் பத்தாயிரம் கூடும்,
கலெக்டர் என்றால் பதினைந்து.

ஏழு பங்காளிகள் சார்பில் தேனப்பன்
மெல்போர்னிலிருந்து, தலையில் குல்லாயோடு, வீடியோவில்:
"யாருமே உட்கார்ந்ததில்லைங்க.
அந்த அறை பூட்டியேதான் கிடக்கும்.
சாவி இருளாயிட்ட இருக்கும்,
வாரம் ஒருதரம் தூசி தட்ட."

யாருமே உட்காராத நாற்காலியில்
இடது சிங்கத்துக்கு மட்டும் மூக்கில்லை.
உளி எடுத்ததல்ல,
உள்ளங்கை எடுத்தது.

கவிழ்த்துத் துடைத்தேன்.
இருக்கையின் அடிச்சட்டத்தில் சுண்ணாம்பு,
ஒரு விரல் அகலத்தில்
கோட்டின்மேல் கோடாய், காய்ந்து, பொருக்குத் தட்டி.
விருந்தாளி என்றால் தூணில் தடவியிருப்பார்.
செட்டியாருக்கு யாராவது துண்டு நீட்டியிருப்பார்கள்.
அடியில் தடவிய விரல்
படியில் செருப்புச் சத்தம் கேட்டால்
எழுந்துகொள்ளத் தெரிந்த விரல்.

பாய் தொழுகைக்குப் போன நேரம்
நானும் உட்கார்ந்து பார்த்தேன்.
சாயவிடாது இந்த முதுகு.
பிடரிக்குக் கீழே சரியாய்க் குத்தும்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிரவேண்டும்.
இடது கை தானாய்ப் போய்ச் சிங்கத்தைத் தொட்டது.
மூக்கிருந்த இடம்
கன்றுக்குட்டி நெற்றி.

வாரம் ஒரு மணி நேரம் என்று வைத்தால்
தேக்கு தேய எத்தனை வருஷம்?
பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
முப்பதுக்குக் குறையவில்லை.

சீட்டில் எழுதினேன்.
உட்கார்ந்தவர்: இருளாயி, பள்ளத்தூர்.
பாய் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்,
என்னைப் பார்த்தார்,
டீ சொல்லி அனுப்பினார்.

புதுச்சேரி ஹோட்டல்காரர் சனிக்கிழமை வந்தார்.
"இருளாயி... எந்த சமஸ்தானம்?"
நான் வாய் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார்.
"மேல்மாடி சமஸ்தானம் சார்.
முப்பது வருஷம் ஆண்ட அம்மா.
இருபதாயிரம் கூட ஆகும்."

கவிழ்த்துத்தான் ஏற்றினார்கள்.
சுண்ணாம்புக் கோடுகள் வானம் பார்க்க,
பட்டப்பகலில்,
தெரு முழுக்கப் போனது நாற்காலி.

மாடு இந்தமுறை எழுந்திருக்கவில்லை.
டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.