சுருங்கும் கணக்கு

கொட்டாஞ்சேனையில், இரும்புக்கடைக்கு மேல்மாடி.
மருதமுனையில் கழற்றி லொறியில் வந்த தறி
படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டு
ஒரு மத்தியானம் முழுக்க
யாரையும் ஏறவோ இறங்கவோ விடவில்லை.

இப்போது அது யன்னலோரம்.
என் கணினி சுவரோரம்.
நடுவே மூட்டை மூட்டையாய்
கட்டுநாயக்காவின் வெட்டுத்துண்டுகள்:
கழுத்தின் அரைவட்டங்கள், கக்கத்தின் பிறைகள்,
மணிக்கு இத்தனை என்ற இலக்கைத் துரத்தியவள்
மேசைக்குக் கீழே தள்ளிவிட்ட ஓரங்கள்.
(அவளாய் நானும் இரண்டு வருடம் இருந்தேன்.)

கமரா நிறம் பிரிக்கும்.
நீலத்துக்கு மட்டும் நாற்பத்தொரு பெட்டி.
பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கினால்
சாயத்தொட்டி தேவையில்லை,
கால்வாய் ஊதாவாய் ஓடத் தேவையில்லை.
இந்த நிரலை எழுத எனக்கு ஏழு மாதம்.
றமீசா ஒருதரம் எட்டிப் பார்த்தாள்:
"பதினேழும் பதினெட்டும் ஒரே நீலம் சுகிர்தா.
மழை இருட்டில எடுத்த படம் ஒண்டு."

பெட்டி நாற்பதாயிற்று.

பிறகு வந்தது அந்தச் சதுரம்.
சால்வையின் மூலையில் கியூஆர் நெய்ய வேண்டும்,
போனைக் காட்டினால் பக்கம் திறக்க வேண்டும்.
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து கட்டம்,
கறுப்பு, வெள்ளை, பிசகாமல் வரைந்து கொடுத்தேன்.
தறியில் இருக்கும்போது போன் படித்தது.
கழுவிக் காயவைத்ததும்
குட்டையாகிக் குந்திக்கொண்டது,
போன் வெறுமனே முழித்தது.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன்.
அவள் விரலை வைத்து அளந்தாள்:
"பாவு கூடச் சுருங்கும், ஊடு அவ்வளவு இல்ல.
தறியில நீட்டாத்தான் நிக்கணும்.
தண்ணி பட்டாத்தான் அது சதுரம்."
கட்டத்துக்கு எத்தனை இழை கூட்டுவதென்று
அவள் சொன்ன எண்ணை
அப்படியே நிரலில் போட்டேன்.
அந்த வரிக்கு அவள் பெயர்தான் வைத்தேன்.

நேற்று ஹோர்டன் பிளேஸிலிருந்து திலினி மின்னஞ்சல்:
பக்கத்தில் கதை வேண்டும்,
நெசவாளியின் சிரித்த படம் வேண்டும்,
முடிந்தால் கடலும்.

றமீசா மிதிபலகையை விட்டுக் காலெடுக்கவில்லை.
"படம் வேணாம்.
எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கூலி,
அங்க என்ன விலைக்கு விக்கிற,
அதப் போடு."

போட்டேன்.
பதினொரு மணித்தியாலம். இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.
விலை யூரோவில்; ரூபாயாக்கிப் பார்த்தபோது
கால்குலேட்டரை ஒருதரம் அழித்துவிட்டு
மறுபடி அடித்தேன்.

"உன்ட பங்கு எங்க?"
அந்த வரியை நான் மறைத்து வைத்திருந்தேன்.
மறைத்தேன் என்று சொல்ல மாட்டேன்,
பிறகு சேர்க்கலாம் என்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
திரை அணைந்தது. கீழே இரும்புக்கடைக்காரர்
சிங்களத்தில் யாரையோ ஏசினார்.
தறி நிற்கவில்லை.
நாடா இடம் போய், வலம் வந்து, இடம் போய்,
இருட்டில் இன்னும் ஆறு வரிசை.

அவள் நெய்துவிட்டதை இனி மாற்ற முடியாது.
அது திறக்கும் பக்கத்தை
எந்த இரவிலும் நான் மாற்றலாம்,
ஒருவருக்கும் தெரியாது.

போனில் பதினெட்டு விழுக்காடு மீதி.
அந்த வெளிச்சத்தில், பெருவிரலால்,
என் பெயருக்கு நேரே
என் எண்ணை அடிக்கத் தொடங்கினேன்.
அவளுடையதைவிட நீளமான எண்.