மூன்று மில்லிமீட்டர்

விட்பி துறைமுகத்துக்குப் பின்சந்தில்
பகலெல்லாம் பல்செட் செய்கிறேன்.
ஐந்து மணிக்குமேல் அதே துளைக்கருவி,
அதே நுரைக்கல் தூள், அதே துணிச்சக்கரம்.
வாய்கள் போய்
சவரத் தூரிகைகள் வரும்.

மொட்டையாகத்தான் வரும் பெரும்பாலும்.
வெள்ளையாய்ப் பிறந்து
வெண்ணெய் மிட்டாய் நிறத்துக்குப் பழுத்த ஒன்று.
இடுப்பில் வெடித்த கருங்காலி ஒன்று.
உள்ளே ஈயம் ஊற்றியதோ என்னவோ
கீழே விழுந்தால் கால்விரலைப் பறிக்கும் ஒன்று.
மிச்சமிருப்பது குதிரைமயிர் போலத் தெரிந்தால்
கையுறை இல்லாமல் தொடமாட்டேன்.
முதல் போர்க் காலத்தில்
அப்படிப்பட்ட மயிரோடு வந்த நோய்
முகம் மழித்தவர்களைக் கொன்றிருக்கிறது.

டிசம்பரில் சண்டர்லாந்திலிருந்து ஒரு பொட்டலம்.
கைப்பிடியோடு பழுப்புத்தாள் ஒன்று.
தாளில் பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு கை.
"மோதிர விரல் மடங்காது" என்று
அம்புக்குறி போட்டிருந்தது.
"புது முடி வேண்டும். குட்டையாக.
கைப்பிடி இந்தக் கைக்கு. முகம் வில்ஃபுடையது.
அவர் கை இப்போது கோப்பையைக்கூடப் பிடிப்பதில்லை.
ஹெஸ்டர் ப்ளென்கின்.
பி.கு. வளைக்கரடி வேண்டாம்,
நனைந்தால் நாய் வாடை என்கிறார்."

கெண்டி ஆவியில் காட்டினேன்.
பழைய பிசின் இளகவில்லை.
துளைத்தேன். பன்றிமயிர் பொடிப்பொடியாக வந்தது,
அதன் அடியில் காய்ந்த சோப்பு,
யாரோ போட்ட தக்கைத் துண்டு.
திடீரென்று அறை முழுக்க லாவண்டர்.
எந்த வருஷத்துக் காலையோ தெரியாது.
எனக்குத் தும்மல் வந்தது,
ஜன்னலைத் திறந்தேன்.

இடுப்பைத் தேய்ப்பது பாவம்.
சேகரிப்பவர்கள் கேட்டால் என்னைக் கழுவேற்றுவார்கள்.
செய்தவனின் தங்க எழுத்துகள்
அரத்துக்கடியில் தூளாகப் போயின.
சுற்றளவில் மூன்று மில்லிமீட்டர்.
தாளில் வரைந்த கையை மேஜையில் விரித்து வைத்து
என் கையை அதன்மேல் பொருத்திப் பார்த்தேன்,
பொருந்தவில்லை, என் விரல்கள் தடி.
மோதிர விரலை நீட்டிக்கொண்டே பிடித்துப் பழகினேன்.

செயற்கை இழை முடி, இருபத்து நாலு அகலம்.
விளிம்புக்கு மேலே ஐம்பது நிற்க வேண்டும்.
எபாக்ஸி கலந்து இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.
காலையில் அளந்தால் ஐம்பத்தைந்து.
அடியில் ஒரு பிசின் கட்டி,
நான் சுரண்டாமல் விட்டது.

அந்நியர் ஒருவர் என்றால் அனுப்பியிருப்பேன்.
அந்நியர்தான் இவரும்.
ஆனால் ஐந்து மில்லிமீட்டர் கூடினால்
தூரிகை தலையாட்டும்,
கன்னத்தில் போகச் சொன்னால் மூக்கில் போகும்.
தன் முகம் என்றால் தப்பு நடக்கும்போதே
கை தெரிந்துகொள்ளும்.
பிறர் முகத்தில் அது முடியாது.

பதினெட்டுப் பவுண்டு முடியை
நானே துளைத்து எடுத்தேன்.
கெட்ட வார்த்தை இரண்டு சொன்னேன்,
பக்கத்துக் கடை மீன்காரனுக்குக் கேட்டிருக்கும்.
இரண்டாவது நாற்பத்தொன்பதரை.
போதும்.
என் முழங்காலில் நுரை அடித்துப் பார்த்தேன்.
விரலை மடக்காமல்.

பிப்ரவரியில் பதில் வந்தது.
ஒரு அட்டை, பின்பக்கம் கலங்கரை விளக்கம்:
"கைக்குச் சரி.
காதுக்குள் நுரை போகிறது என்கிறார்,
அது என் தப்பு, உங்களுடையது அல்ல.
தாடைக்கடியில் ஒரு இடம் தினமும் விட்டுப்போகிறது.
அதை வைத்துத் தினமும் சண்டை.
தபால் செலவு அநியாயம்."

காசோலையில் மூன்று பவுண்டு குறைந்திருந்தது.
இரண்டாவது முடியைப் பற்றி
நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.
பழுப்புத்தாளை மட்டும் திருப்பி அனுப்ப மறந்துவிட்டேன்.
நேற்று அதன்மேல் பசை கலந்தேன்,
கட்டைவிரல் பக்கம் கறையாகிவிட்டது.