இந்த ஊருக்கு வந்த பிரதி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக்
காமம் பார்க்க வந்திருந்தோம், ஆறு பேர்.
செந்தூலில் பேரங்காடியின் நான்காம் மாடி.
விளம்பரப் பொறுப்பாளர் லோகபாலன்
ஆளுக்கொரு கறிபாப்பும் மைலோவும் தந்து
'கொஞ்சம் சூடான படம், பார்த்து எழுதுங்க' என்றார்.
சூடு கறிபாப்பில்கூட இல்லை.

தணிக்கை வாரியம் பத்தொன்பது நிமிடத்தை
எடுத்து வைத்துக்கொண்டது.
கத்தியை விட்டுவிட்டது.
கத்தி இறங்குவதை, மறுபடி இறங்குவதை,
இரத்தம் தரையோட்டின் இடுக்கில் ஊர்ந்து
குளியலறை வாசல்வரை வருவதை
எல்லாம் விட்டுவிட்டது.

அவள் யாரோ ஒருவன் சட்டையின்
இரண்டாவது பொத்தானில் கை வைத்தாள்.
உடனே விடிந்துவிட்டது.
கட்டிலோரம் நிறைந்திருந்த தண்ணீர்க் குவளை
காலியாக இருந்தது.
பின்னியிருந்த தலை அவிழ்ந்திருந்தது.
குடித்தது யார், அவிழ்த்தது யார்?

கடைசிக் காட்சியில்
மூன்று ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்கிறார்.
'முதுகில் மச்சம்' என்கிறாள்.
திரை கறுத்துவிடுகிறது.

நாங்கள் பார்த்திருப்போம் என்று நம்பி
முடித்திருக்கிறார் இயக்குநர்.

வாசலிலேயே சண்டை.
மைத்துனன்தான் என்றார் மரியநாயகம்.
டாக்டர், சந்தேகமே இல்லை என்றார் அழகப்பன்,
நடையைப் பார்த்தாலே தெரிகிறதாம்.
வானொலிப் பையன் கவின்ராஜ்
'அவளே செஞ்சிருப்பா லா' என்றான்.
மின்தூக்கி கீழே வருவதற்குள்
நான்கு பேர் கைதானார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் அச்சில்.
'திரைக்கதையில் பெரிய ஓட்டை.'
ஆமாம், ஓட்டைதான். கத்தரிக்கோல் அளவுக்கு.
'ஆபாசத்தின் உச்சம்' என்றது ஒன்று,
'துணிச்சலின் உச்சம்' என்றது மற்றொன்று;
இருவரும் பார்க்காத ஒன்றின் உச்சத்தில்
நின்றுகொண்டிருந்தார்கள்.
'குடும்பத்தோடு பார்க்க இயலாது' என்று எழுதியவரைச்
சனிக்கிழமை இரவுக் காட்சி வரிசையில் கண்டேன்.
தனியாக. தொப்பியோடு.
தலையை ஆட்டிக்கொண்டோம்.

நாயகிக்கு எல்லாரும் ஒரே சொல்: 'தாராளம்.'
கத்தி பிடித்த கைக்கு எட்டு வரி.

நான் 'காமம்' என்று எழுதியிருந்தேன்.
ஆசிரியர் தனகோடி அதைக் 'கவர்ச்சி' ஆக்கினார்.
'வெள்ளிக்கிழமை பேப்பர்மா,
கோயிலுக்குக் கொண்டுபோறவங்க இருக்காங்க.'
தொட்டபோது அவள் எதை அறிந்தாளோ
அதுதான் இந்தப் படத்தின் துப்பு,
அதை வெட்டியபின் மதிப்பெண் போடுவது எப்படி
என்று கேட்டிருந்தேன்.
அச்சில் இரண்டரை நட்சத்திரம் இருந்தது.
அந்த அரை யாருடையது என்று
இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை ஜொகூரிலிருந்து ஒரு தொலைபேசி.
'அம்மா, நான் பாலம் தாண்டிப்போய்ச்
சிங்கப்பூரில் முழுசாகப் பார்த்தேன்.
நீங்க பார்க்காததை எல்லாம் பார்த்தேன்.'
குரலில் ஒரு வெற்றி.
பேனாவை எடுத்துக்கொண்டேன்.
'மச்சம் யார் முதுகில் இருந்தது?'
நெடுநேரம் எதுவும் பேசவில்லை.
பின்னால் ஏதோ லாரி போனது.
'மச்சமா?
நான் அந்தப் பக்கம் பார்க்கலையே.'

இரவு தேவேந்திரன் கேட்டார்,
'கடைசியில் யார்தான் கொன்றது?'
'தெரியாது' என்றேன்.
'பணம் வாங்கிக்கொண்டு தெரியாதா' என்று சிரித்து
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.
கைபேசியில் யாரோ என் விமர்சனத்துக்கு
விமர்சனம் அனுப்பியிருக்கிறார்கள்.
திறந்தபோது வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது.

மச்சம் இல்லை.
இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு,
சுண்டுவிரல் நீளம், பழசு,
தையல் போட்ட அடையாளத்தோடு.
சைக்கிளா, நாயா, அவர் அப்பாவின் வாரா?
பதினேழு வருடம்.
விளக்கை முதலில் அணைப்பது
எப்போதும் நான்தான்.

எழுப்பிக் கேட்கலாமா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.